தலைவர் கையெழுத்து

“அந்தத் தலைவர் மட்டும் இன்னிக்கு என் கையில சிக்கட்டும், பல்லைப் பிடுங்கிடறேன்!” மூன்றாவது மாடிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டே கர்ஜித்தார் பல் டாக்டர். சொன்னால் செய்யக்கூடியவர்தான். தினமும் காலை பத்து மணி முதல் அதைத்தான் செய்கிறார்.

“முதல்ல மரத்தை ஒழுங்காப் பிடிங்க. கிளை சுவத்துல உரசுது” என்றாள் பின்னால் ஏறி வந்த மனைவி.

ஒரு முழ உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத் தொட்டியில் நின்றது அந்த அத்தி மரம். வயது இருபத்தைந்து. கோணல் பல்லைக் கட்டும் கம்பியாலேயே அதன் கிளைகளையும் வளைத்திருந்தார் டாக்டர். தண்ணீர் ஊற்றியதெல்லாம் மனைவி, பெருமை அடித்துக்கொண்டதெல்லாம் அவர்.

தேசிய போன்சாய் சங்கத்தின் கண்காட்சியில் இளமரப் பிரிவுக்கு வயது வரம்பு இருபத்தைந்து. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. மனுவில் தலைவர் கையெழுத்து வாங்க இன்று மாலை ஐந்து மணி வரைதான் கெடு. மணி நாலேகால் ஆகியிருந்தது.

“பதினேழு லெட்டர் போட்டேன், ஒண்ணுக்காவது பதில் வந்துச்சா? போன் பண்ணினா அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கு!”

“இந்த லெட்டருக்கெல்லாம் முன்னாடியே, சங்கம் நடக்கற லட்சணம் சரியில்லைன்னு பொதுக்குழுவுல எழுந்து கேட்டீங்களே.”

“கேட்டேன். அரை மணி நேரம் கிழி கிழின்னு கிழிச்சேன். கூட்டமே கை தட்டுச்சு. என்ன பிரயோஜனம்?”

“கை தட்டி முடிக்கறதுக்குள்ள கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டீங்க. மத்தியான சாப்பாடு போச்சு எனக்கு” என்றாள் மனைவி. மூன்று வருஷமாகியும் அந்தச் சாப்பாட்டை அவள் மறக்கவில்லை.

சங்க அலுவலகம் ஒரே அறை. பிளாஸ்டிக் செடி ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் எழுத்தர் அம்மாள். எதிரே உறை போட்டு மூடிய ஒரு பெரிய நாற்காலி, அதன் முன்னால் ஒரு மேஜை, மேஜை மேல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு போன்.

“எடுக்க மாட்டீங்களா?”

“அது தலைவர் போன் சார். தலைவர்தான் எடுக்கணும்.”

“நான் தலைவரைப் பார்க்கணும்.”

“நானும்தான் சார்” என்றார் எழுத்தர் அம்மாள், உண்மையான ஏக்கத்தோடு. “பொதுக்குழுவுல ஓட்டுப் போட்டுப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்து மூணு வருஷமாச்சு. இன்னும் வந்து பொறுப்பேத்துக்கல.”

“அவ்வளவு திமிரா அந்த ஆளுக்கு?”

“அவரைத் திட்டாதீங்க, பாவம். தகவலே போகலையே! லெட்டர் அடிச்சு, ஸ்டாம்பு ஒட்டி, தயாரா வெச்சிருக்கேன். தலைவர் கையெழுத்து இல்லாம ஒரு தாள்கூட வெளியில போகக்கூடாதுன்னு விதி.”

டாக்டருக்குப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. “பழைய தலைவர் போட வேண்டியதுதானே?”

“ஓட்டு எண்ணி முடிச்ச நிமிஷமே அவர் பதவி போயிடுச்சு. விதின்னா விதி சார்.”

“சரி, புது ஆள் பேரைச் சொல்லுங்க. நானே போய்ச் சொல்றேன்.”

“பேர் போட்டா பகை வரும்னு ஓட்டுச் சீட்டுல உறுப்பினர் எண் மட்டும்தான் எழுதுவாங்க. யாரு எந்த எண்ணுங்கற நோட்டு அந்த பீரோவுக்குள்ள இருக்கு. பீரோவைத் தலைவர்தான் திறக்கணும்.”

மேஜை ஓரத்தில் ரப்பர் பேண்ட் போட்ட கடிதக் கட்டு ஒன்று தூசி படிந்து கிடந்தது. எல்லாம் டாக்டர் எழுதியவை. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

“தலைவருக்கு வந்ததைத் தலைவர்தான் பிரிக்கணும்” என்று தானாகவே விளக்கினார் அம்மாள். “பதினேழும் ஒரே ஆள் எழுதினது. ரொம்பப் பொறுமைசாலி போல.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டருக்கும் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. “எவனோ ஒரு அப்பாவி, பதவி வந்தது தெரியாம எங்கயோ மரத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருப்பான்!”

“அங்கயும் தண்ணி ஊத்தறது பொண்டாட்டியாத்தான் இருக்கும்” என்றாள் மனைவி.

சிரித்து ஓய்ந்ததும் கண் கடிகாரத்துக்குப் போனது. நாலு ஐம்பது. டாக்டர் மரத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்ததை நாலு பேர் பார்க்காமலே போகப்போகிறார்களே என்று, வளைத்த கிளை ஒன்றை விரலால் தடவினார்.

“விடுங்க, நாம பார்க்கறோமே” என்று மனைவி அவர் தோளைத் தொட்டாள்.

எழுத்தர் அம்மாளுக்கே மனசு கேட்கவில்லை. “மனுவையாவது பதிஞ்சு வெக்கறேன் சார். உங்க உறுப்பினர் எண் என்ன?”

“நானூத்திப் பன்னெண்டு.”

எழுதப்போன பேனா நின்றது. அம்மாள் இழுப்பறையிலிருந்து, பேர் இல்லாமல் எண் மட்டும் எழுதிய ஒரு கவரை எடுத்தார். கவரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், மறுபடியும் கவரைப் பார்த்தார்.

பிறகு எழுந்து போய்ப் பெரிய நாற்காலியின் உறையை உருவிப் போட்டார். தூசி தட்டினார். கவருக்குள்ளிருந்த தாளை மேஜையில் விரித்து, பேனாவை நீட்டினார்.

“முதல்ல இந்த லெட்டர்ல ஒரு கையெழுத்துப் போடுங்க தலைவரே, உங்களுக்கு அனுப்பணும்!”