ஆமை வைத்தியரின் ஓடு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காக்கை தன் முழுக் குரலையும் காட்டிவிட்டது. "காலில் முள் ஏறி ஓட முடியாம இருக்கிற மானம்மா, உள்ளே வாங்க!"

ஆமை வைத்தியரின் வாசலில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். புலியும்தான். அதுவரை நொண்டாமல் சமாளித்து நின்ற மான் மிரண்டுகொண்டே உள்ளே போனது. வைத்தியர் காக்கையை ஒரு பார்வை பார்த்தார். காலுக்குக் கட்டுப் போட்டு, ஆறும்வரை இருக்கட்டும் என்று மானைப் பின்குகையில் படுக்கவைத்தார்.

அடுத்து புலி. "அந்த மான் இனி ஓடவே ஓடாதா, வைத்தியரே?"

"நீங்க வாயைத் திறங்க."

புலி திறந்தது. எட்டிப் பார்த்த காக்கைக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரு பல்கூட இல்லை.

"வெளியே தெரிஞ்சா ஒரு முயல்கூட என்னை மதிக்காது" என்றது புலி.

"மான் விஷயத்தை உங்ககிட்ட சொன்னேனா?"

புலி தலையைக் குனிந்து மருந்தை வாங்கிக்கொண்டு போனது.

காக்கை மானுக்குத் தண்ணீர் கொண்டுபோனது. "புலிக்கு என்னவாம்?" என்று கேட்ட மானின் உடம்பு இன்னும் நடுங்கியது. ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பயம் போய்விடும்; தான் செய்த தப்பும் சரியாகிவிடும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

காக்கை திரும்பிப் பார்த்தது. வைத்தியர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சற்று ஓய்வாக இருந்தார். தேங்காய்ச் சிரட்டை அளவு ஓடுதான். அதற்குள் புலியின் ரகசியமும் மானின் ரகசியமும் அருகருகே, ஒன்றையொன்று அறியாமல் படுத்திருப்பதை நினைத்ததும் காக்கைக்கு இறகெல்லாம் சிலிர்த்தது.

"தண்ணி குடிங்கம்மா" என்றது.

வாசலுக்கு வந்து, "அடுத்தவங்க வாங்க" என்றது. காக்கை இவ்வளவு மெல்லப் பேசி அந்தக் காடு கேட்டதே இல்லை.