அணில் கம்பெனியின் பங்கு

ஓர் அணில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்தி வந்தது. இணையத்தில் கேட்பவர்களுக்கு சினிமா சிடி, கேம் சிடி எல்லாம் வாடகைக்கு அனுப்பும். அந்தக் கம்பெனியில் நாரை பங்கு வைத்திருந்தது. கீரி வாங்கவில்லை.

ஒருநாள் குளக்கரையில் இரண்டுக்கும் வாக்குவாதம் வந்தது.

"பெரிய கம்பெனிங்க வந்தா அணில் தாங்காது. வித்துடுங்க," என்றது கீரி.

"சின்னதாத்தான் எல்லாம் ஆரம்பிக்கும். நீங்க வாங்கிப் போடுங்க," என்றது நாரை.

பொழுது சாயும்வரை பேசின. வீடு திரும்பிய நாரைக்குக் கீரியின் பேச்சு உறுத்தியது. தன் பங்கையெல்லாம் விற்றுவிட்டது. கீரிக்கு நாரை சொன்னதே சரியென்று பட்டது. விலைக்கு வந்த அந்தப் பங்கை வாங்கிவிட்டது.

மறுநாள் மறுபடி சந்தித்தன.

"அந்தக் கம்பெனி தேறாதுங்க," என்றது நாரை.

"அப்படிச் சொல்லாதீங்க. இனிமேதான் வளரப்போகுது," என்றது கீரி.

அந்த வழியாக அணில் ஒரே ஒரு பார்சலோடு வந்தது. ஆர்டர் குறைந்துபோன கவலை அதற்கு.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு படமாவது வாடகைக்கு எடுத்துப் பாருங்களேன்," என்று கேட்டது.

"பாக்கலாம். முதல்ல இந்தப் பேச்சு முடியட்டும்," என்றது கீரி.

நாரையும் தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.