காது யார் கணக்கில்?

“காது நல்லா இருக்குன்னு உங்க வீட்டுக்காரரே சொல்லியிருக்காரேம்மா, நான் என்ன பண்ண?” என்று டாக்டர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் திரையைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்த்தாள். ஆயுசில் பாதியைப் பீரங்கிக்குப் பக்கத்திலேயே கழித்த மனிதர், மின்விசிறியை ரசித்துக்கொண்டிருந்தார்.

“எப்ப சொன்னாராம்?”

“ரிட்டயர் ஆன அன்னிக்கு, பட்டாளத்து ஆஸ்பத்திரியில. முன்னெல்லாம் அந்த ஃபைல் எங்க கைக்கே வராது. இப்ப சட்டம் வந்தாச்சு. அங்க எழுதினது, இங்க ரிட்டயர் ஆனவங்க ஆஸ்பத்திரியில எழுதுறது, எல்லாம் ஒரே திரையில.”

அந்தச் சட்டம் வந்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுக்காத குறையாகச் சந்தோஷப்பட்டவள் அவள். இனி காகிதக் கட்டைச் சுமந்து படியேற வேண்டாம். காது பட்டாளத்தில் போனதுதான் என்று கணினியே சாட்சி சொல்லும். ஆபரேஷன் செலவை அரசாங்கமே ஏற்கும் என்று நம்பி வந்திருந்தாள். சாட்சியோ எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டது.

“அன்னிக்கு எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க டாக்டர். வலிக்குதுன்னு வாயைத் திறந்தா வீட்டுக்கு விடாம படுக்க வெச்சிடுவாங்களாம்.”

“அப்ப பொய்யா சொன்னாரு?”

அவள் கணவனின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவர் பவ்யமாகச் சிரித்தார்.

“காது அப்புறமா, வயசுல போயிருக்கும்மா. அங்க பதியறவங்க சொன்னதைச் சொன்னபடியே பதியணும், ஒரு வார்த்தை கூட்டக் குறைக்கக் கூடாதுன்னு ஆர்டர். அதை நான் மாத்த முடியுமா?”

“கொஞ்சம் பாத்துப் போடுங்களேன்.”

“இது என்ன காய்கறி வியாபாரமா?”

“நான் துணிக்கடைக்காரர் பொண்ணு டாக்டர். கடைசி மடிப்பு வரைக்கும் பிரிச்சுக் காட்டாத துணியை எங்க வீட்டுல தொடக்கூட மாட்டாங்க. நீங்க ஒரு வரிதானே படிச்சீங்க? மிச்சத்தையும் படிங்க.”

டாக்டர் வெளியே நீண்டிருந்த வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடகடவென்று படித்தார்.

“‘காது நல்லா கேக்குதா?’ ‘எல்லாம் நல்லா இருக்கு சார்.’ ‘முதுகு வலி உண்டா?’ ‘எல்லாம் நல்லா இருக்கு சார்.’”

“நெஞ்சழுத்தத்தைப் பாருங்க,” என்று அவள் பல்லைக் கடித்தாள்.

“‘எந்த ஊருக்கு ரயில் பாஸ் வேணும்?’ ‘எல்லாம் நல்லா இருக்கு சார்.’”

டாக்டர் படிப்பதை நிறுத்தினார். கிழவரை ஏற இறங்கப் பார்த்தார். ‘பணியின்போது ஏற்பட்ட பாதிப்பு’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, கடைசி வரியை மட்டும் நிதானமாகப் படித்தார்.

“‘சம்சாரம் பேர் என்ன?’ ‘எல்லாம் நல்லா இருக்கு சார்.’”