டாக்டர் போர்ஹில்டின் மோசமான நோயாளி

"வாயைத் திற. இன்னும் நல்லா. காட் மீன்கூட இதைவிடப் பெரிசாத் திறக்கும்."

ஒட்வார் திறந்தான். நாற்பத்தெட்டு வயது, கதவை அடைக்கிற உடம்பு, பத்து வருடம் கடலில் வலை இழுத்த கை. ஜன்னலோர நாற்காலியில் அவன் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, டாக்டர் போர்ஹில்ட் டார்ச் விளக்கோடு குனிந்தார்.

நார்வேயின் அந்த லோஃபோட்டன் தீவில் டாக்டரிடம் பல்லைக் காட்டாமல் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் கிடையாது. புயலுக்குப் பயப்படாத பயல்களெல்லாம் அவர் எதிரே வந்தால் சந்து மாறிப் போவார்கள். ஒட்வாரும் அப்படிப் போனவன்தான்.

"பேர் என்ன?"

"ஒட்வார், டாக்டர்."

"பேரெல்லாம் ஜோராத்தான் இருக்கு. பல்லுதான் சகிக்கல."

சகிக்கத்தான் இல்லை. பழுப்புச் சீஸ் வைத்து நாலு ரொட்டி தின்றுவிட்டு, பல் விளக்காமல் வந்து உட்கார்ந்திருந்தான். ஒரு மாதமாகத் தினமும் இதே கூத்து. டாக்டர் திட்டாத நாளில்லை. அவனும் திருந்துகிற வழியாக இல்லை.

இன்றைக்கு மட்டும் அவன் கண் அடிக்கடி கடிகாரத்துக்குப் போனது. பதினோரு மணிக்கு நகரத்திலிருந்து பல் பரிசோதனைக்கு ஆள் வருகிறது. ஈறில் ரத்தக்கசிவு நின்றிருக்காவிட்டால், கீழ்வரிசையில் மூன்று பற்களை முழு மயக்கம் கொடுத்துப் பிடுங்குவது என்று போன மாதமே முடிவாகிவிட்டது. அந்த மயக்கத்திலிருந்து எல்லோரும் பழையபடி எழுந்து வருவதில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒட்வாருக்குச் சரியான தூக்கம் இல்லை.

டாக்டர் பாடத்தை ஆரம்பித்தார். பிரஷைச் சாய்த்து ஈறோரத்தில் வைக்க வேண்டும், அழுத்தக் கூடாது, இரண்டு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. கடைசியில் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பேஸ்டில் இருக்கிற சத்தெல்லாம் போய்விடும்.

ஒட்வார் மண்டையைச் சொறிந்தான். சாய்க்கிறது என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டான். அதைச் சொன்னதும், உள்பக்கத்துக்கும் அப்படியேவா என்றான்.

"உன்னோட மாரடிக்க முடியாது. இங்க பாரு."

டாக்டர் தம்ளரில் இருந்த தன் பிரஷை எடுத்து, தன் பல்லிலேயே தேய்த்துக் காட்டினார். மேல்வரிசை, கீழ்வரிசை, வெளியே, உள்ளே. கடைவாய் சரியாகத் தெரியவில்லை என்று அவன் இழுக்க, அதையும் இன்னொரு தடவை காட்டினார். பல்லிடுக்குக்கான குட்டி பிரஷையும் ஒரு இடுக்கு விடாமல் விட்டுக் காட்டினார். அவன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கும் இப்படியே வந்தியோ, உங்கம்மாவுக்குச் சீட்டு எழுதி அனுப்பிடுவேன்."

வேண்டாம் டாக்டர் என்று பவ்யமாகச் சொன்னான் ஒட்வார்.

பதினோரு மணிக்குப் பரிசோதகர் சுன்னிவா பையோடு வந்து நின்றாள். தொழில் படிக்கிற பெண், கொஞ்சம் பார்க்கணுமாம் என்று ஒட்வார் டாக்டரின் காதில் போட்டான். பார்க்கட்டும் என்றார் டாக்டர்.

சுன்னிவா கையுறை மாட்டிக்கொண்டு ஈறை ஓரமாக அழுத்திப் பார்த்தாள். கீழ்வரிசையில் இன்னொரு முறை அழுத்தினாள். ரத்தம் இல்லை. பிடுங்க வேண்டியதில்லை என்று அவள் எழுதியதைப் பார்த்ததும் ஒட்வாருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசல்வரை போன சுன்னிவா அவனை அருகில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன மாசம் இந்த முதியோர் இல்லத்துல யார் பிரஷைக் கொண்டுபோனாலும் டாக்டரம்மா கடிச்சு வெச்சாங்களே. இப்ப யார் அவங்களுக்குப் பல் தேய்ச்சு விடுறது?"

கொக்கியில் கழற்றி மாட்டியிருந்த பணியாளர் சட்டையைப் போட்டுக்கொண்டே ஒட்வார் சொன்னான்:

"யாருமில்ல. தினம் எனக்குச் சொல்லித் தர்றாங்க."