உள்ளேன் ஐயா

ரிட்டயர்டு இன்ஸ்பெக்டருக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் கொக்கு. எழுபது தாண்டியும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆட்கள் இருக்கிறார்கள் என்பதில் அவருக்கு அலாதிப் பெருமை. எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பின் புண்ணியம்.

குரூப்பை நடத்துபவர் அந்தக் காலத்து வகுப்பு லீடர். தினமும் காலை ஏழு மணிக்கு ஆஜர் எடுப்பார். ஆளுக்கொரு ஊரில், பல் தேய்த்தும் தேய்க்காமலும், எல்லாரும் 'உள்ளேன் ஐயா' என்று தட்டிவிட வேண்டும். தட்டாதவன் செத்துப்போனான் என்று அர்த்தம். அப்படி ஒருவர் நிஜமாகவே போனபோது ஆளாளுக்கு ஒரு மெழுகுவத்திப் படம் போட்டார்கள். மறுநாளே லீடர் அவர் நம்பரைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார். அவ்வளவு ஆழமான நட்பு.

ஆரம்பத்தில் குரூப் சந்தைக்கடை மாதிரிதான் இருந்தது. கட்சிச் சண்டை, பெண்டாட்டி ஜோக்கு, நடுநடுவே வசவு. கொஞ்ச காலமாக எல்லாரும் திருந்திவிட்டார்கள். ஒருவர் மூட்டுவலிக்குத் தைலம் சொன்னார். இன்னொருவர் சட்டைக் காலரில் அழுக்குப் போக வழி சொன்னார். வாய்ஸ் மெசேஜ் கூடாது, போனில் கூப்பிடக் கூடாது, வகுப்பில் அமைதி முக்கியம் என்று லீடர் சட்டம் போட்டார். வயசானால் பக்குவம் தானாக வந்துவிடும் என்று கொக்கு தன் மனைவியிடம் பெருமையடித்தார். உங்களுக்கு எப்போ வரும் என்று அவள் கேட்டது அவர் காதில் விழவில்லை.

சந்தேகம் வந்தது ஓட்டைப்பல் விஷயத்தில்தான். அவன் கொக்குவின் உயிர் நண்பன். இருவரும் சினிமாவுக்காகப் பள்ளிச் சுவர் ஏறிக் குதித்ததில் போன பல் அது. அந்தச் சுவர் ஞாபகம் இருக்கா என்று கொக்கு அவ்வப்போது கிண்டுவார். வருகிற பதிலை வீட்டில் பெண்கள் இருக்கும்போது படிக்க முடியாது. ரொம்ப நாள் கழித்து இந்தத் தடவை கிண்டியபோது வந்த பதில்:

"இருக்கிறது நண்பரே. நல்ல உறுதியான சுவர்."

கொக்குவின் போலீஸ் மூளை விழித்துக்கொண்டது. அவனை எவரோ தீர்த்துக்கட்டிவிட்டு, அவன் போனில் அவனாக நடிக்கிறார்கள். சர்வீஸில் இருந்தவரை ஒரு கொலையைக்கூடத் துப்புத் துலக்காதவர். சொந்த சிநேகிதனுக்காவது அதைச் செய்துவிடுவது என்று மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தார்.

கதவைத் திறந்த ஓட்டைப்பல்லின் மனைவிக்கு முகம் வெளுத்துப்போனது. அவர் வாக்கிங் போயிருக்கிறார், வர நேரமாகும் என்றாள். காபி கலக்கிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

கொக்கு கண்ணைச் சுழலவிட்டார். செருப்பு ஸ்டாண்டில் ஆம்பளைச் செருப்பு ஒன்றுகூட இல்லை. வாஷ்பேசினில் ஒற்றை பிரஷ். ஜன்னல் வழியாகக் கொல்லையை எட்டிப் பார்த்தார். ஓர் ஆள் நீளத்துக்குப் புதுசாக சிமெண்ட் பூசியிருந்தது.

மணி ஏழு. அவர் பையில் போன் சிணுங்கியது. லீடர் ஆஜர் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அதே நேரம் சமையலறைக்குள்ளும் ஒரு போன் சிணுங்கியது. கதவிடுக்கில் பார்த்தார். அடுப்பில் பால் பொங்க, அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். தட்டி முடித்ததும், கொக்கு பையிலிருந்து எடுத்த போனில் ஓட்டைப்பல் ஆஜரானான்.

'உள்ளேன் ஐயா.'

கொக்கு பழைய காக்கிக் குரலை எடுத்தார். "அவனை என்னம்மா பண்ணினே?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். போன வருஷம் நெஞ்சுவலி வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை என்றாள். சிமெண்ட்? தண்ணீர்க் குழாய் உடைந்து, தோண்டி மாற்றியது.

"அப்போ ஏன் மறைச்சே?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க அண்ணா? ஒரு மெழுகுவத்தி. மறுநாள் நம்பரை எடுத்துடுவீங்க. பெத்த பையனே வாரத்துக்கு ஒருக்காதான் கூப்பிடறான். தினமும் காலையில இருக்கியா இல்லையான்னு கேக்க எனக்கு வேற யார் இருக்கா?"

கொக்கு இளகவில்லை. ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் அவர் எத்தனை கேட்டிருப்பார். முதலில் லீடரிடம் சொல்வது, அடுத்தது போலீஸ் ஸ்டேஷன் என்று போனைக் கையில் எடுத்தார்.

அவள் பதறிப்போய்க் கையை நீட்டினாள். "அவருக்கு மட்டும் போன் போடாதீங்க அண்ணா. தெரிஞ்சா உங்களால தாங்க முடியாது."

மிரட்டல் வேறா? கொக்கு ஏளனமாகச் சிரித்துக்கொண்டே, லீடரின் சட்டத்தை முதல் தடவையாக மீறி, அவர் நம்பரை அழுத்தினார். ரெண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். கொக்கு வாயைத் திறப்பதற்குள் மறுமுனையில் ஒரு பெண்குரல் முந்திக்கொண்டது.

"கொக்கு வீட்டு அக்காவா? போன் அடிச்சதுமே புரிஞ்சுபோச்சு. மனசைத் தேத்திக்கங்க அக்கா, உங்க வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்காரேன்னுதான் நாங்க எல்லாரும் இத்தனை நாளா ஆம்பளைங்க மாதிரியே பேசிக்கிட்டு இருந்தோம்."