கடைசி வரிக்குக் கீழே

படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை, கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிப்பது. முதல் ஆளாக வந்த லாரி ஓட்டுநர், சுவரிலிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். நிறுத்தாமல், "ய, ட, ப" என்றார். கடைசி வரிக்குக் கீழே வெறும் சுவர்தான்.

விளையாடுகிறார் என்று விட்டுவிட்டேன். அடுத்து வந்த அக்காவும் அதையே படித்தார். அவருடைய மாமியாரோ கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

மாலையில் டாக்டரிடம் மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அந்த வரி தெரியலைன்னு வெளிய சொல்லிடாதம்மா. அப்புறம் யாரு நம்மகிட்ட வருவாங்க?"

இரவு அம்மா போனில், "வேலை பிடிச்சிருக்காடி?" என்றாள். பிடித்திருக்கிறது என்றேன்.

மறுநாளிலிருந்து நானே, "அதுக்குக் கீழ படிங்க" என்று கேட்கத் தொடங்கினேன். எல்லோரும் படித்தார்கள். தலையாட்டினேன்.

இன்று ஒரு பெண் வந்தாள். கல்லூரி முடித்துவிட்டாள், திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டுமாம். கடைசி வரியோடு நிறுத்திக்கொண்டாள்.

"அதுக்குக் கீழ படிம்மா."

"கீழ வெறும் சுவருதானே மேடம் இருக்கு?"

டாக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்தேன்.