விலாவுக்குப் பின்னால்

முதலில் தோலை நீக்கினாள். அப்புறம் தசையை. எலும்பு தெரிந்ததும் அம்புக்குறியை இடது பக்கம் கொண்டுபோய் அழுத்தினாள்.

"ஒன்பதாவது விலா எலும்பு. இதன் பின்னால் மண்ணீரல் உள்ளது. பலமாக அடிபட்டால் மண்ணீரல் கிழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்" என்றது கம்ப்யூட்டர்.

கதவோரம் நின்றிருந்த கணவன் தன் இடது விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஒரு வாரமாக இதே கூத்து. அச்சகத்தைப் பூட்டிவிட்டு அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் திரையில் ஒரு பெண் உடல் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். அவள் ஓர் இடத்தை அழுத்துவாள், அதே இடத்தைத் தன் உடம்பில் தொட்டுப் பார்ப்பாள், பெயரை நோட்டில் எழுதிக்கொள்வாள்.

நர்சிங் படிக்கும் மைத்துனிக்குப் போன் போட்டான்.

"உங்க அக்காவுக்கு எதுக்கும்மா இந்த சாஃப்ட்வேர்?"

"கேட்டா, குடுத்தேன். எங்களைவிட நல்லா படிக்கிறா அத்தான். நேத்து அதுல வர்ற டெஸ்ட்ல பத்துக்குப் பத்து." மேற்கொண்டு பேசப் பிடிக்காதவள்போல் வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து மனைவி ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவன் தட்டில் கை வைத்தான். சமையலறைக் கத்தியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினான்.

"கத்தி எங்கே?"

"எதுக்கு?"

"வெங்காயம் நறுக்க."

"கையால பிச்சுப் போடு."

அவள் வெங்காயத்தை உரித்துக் கையால் பிய்க்கத் தொடங்கினாள். எதற்குமே எதிர்த்துப் பேசாதவள்தான். இப்போது அந்த ஊமைத்தனமே அவனைப் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய அண்ணனைக் கையோடு கூட்டிவந்தான்.

"உங்க தங்கச்சி என் உயிருக்கு உலை வைக்கிறா மச்சான். நீங்களே பாருங்க."

அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய் அவள் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கினான். இடது ஒன்பதாவது விலா, கீழ்த்தாடை மூட்டு, வலது மணிக்கட்டு, தோள்பட்டை எலும்பு. பதினோரு பெயர்கள், எண் போட்டு.

"எங்க போட்டா ஆள் காலின்னு பட்டியலே தயார் பண்ணிட்டா" என்றான் கணவன்.

"ஏண்டி, புருஷனைத் தீர்த்துக்கட்டப் பாடம் படிக்கிறியா? குடும்ப மானத்தைக் கப்பலேத்தணும்னு முடிவே பண்ணிட்டியா?"

அவள் எழுந்து நோட்டை வாங்கிக்கொண்டாள். கசங்கிய பக்கத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"போன மாசம் போலீஸ்ல கேட்டப்போ 'உடம்பெல்லாம்'னு சொன்னேண்ணே. சிரிச்சாங்க. எழுதிக்கவே இல்ல. நாளைக்கு வக்கீலம்மாகிட்ட ஒவ்வொரு இடமா பேர் சொல்லணும்."

அண்ணனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "எந்த இடம்?"

கணவனை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தபடி சொன்னாள்.

"இவர் அடிச்ச இடம்."